கண்ணாடி ட்யூபும் கண்ணாடி விரியனும்

ட்யூபை அசைக்கக் கூடாது. அதுதான் முதல் பாடம். கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, நடுவில் எடுத்து ஆட்டிப் பார்க்கக் கூடாது, "உறைஞ்சிருச்சா?" என்று எட்டிப் பார்க்கிறவர்கள் மேசையில் இடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2 மில்லி ரத்தம், சுத்தமாகக் காய்ந்த ஒரு கண்ணாடி ட்யூப், 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். ரத்தம் கட்டியாகி அடியோடு ஒட்டி நின்றால் நிம்மதி. தண்ணீராக வழிந்தால், கடித்தது விரியன்.

1987-ல் காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். 2023-ல் ஓய்வு பெற்றேன். ரத்தம், சிறுநீர், சளி, மலம் எல்லாம் பார்த்த கை இது. மற்ற சோதனைகளில் எல்லாம் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். சர்க்கரை இவ்வளவு, யூரியா இவ்வளவு. உறைதல் சோதனையில் மட்டும் அளப்பது நேரத்தை. ஸ்டாப்வாட்ச் இருந்த அந்த மூலை மேசை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சேர்ந்த முதல் வாரமே சீனியர் டெக்னீஷியன் என் கையில் கட்டுப் போட்டு நரம்பைத் தேடினார். "பயப்படாதம்மா, இன்னையிலேர்ந்து நீதான் நார்மல்" என்றார். நோயாளியின் ரத்தம் எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்த்தால் போதாது. பக்கத்திலேயே நல்ல ஆள் ஒருவரின் ரத்தமும் எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கன்ட்ரோல் என்போம். நியாயமாக நாலைந்து பேரின் பிளாஸ்மாவைக் கலந்து வைக்க வேண்டும். எங்கள் லேபில் இருந்ததே மூன்று பேர். சாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கைப்பையில் ஒரு மெடிக்கல் ஷாப். அட்டெண்டர் அண்ணன் மாலையானால் டாஸ்மாக்குக்கு முந்தைய கால ஏற்பாடுகளுக்குப் போய்விடுவார். மிச்சம் நான். என் நேரம் 12 நொடி. பல வருஷம் எங்கள் மருத்துவமனையில் 'இயல்பு' என்று ரிப்போர்ட்டில் எழுதப்பட்டது என் ரத்தம்தான் என்பது நோயாளிகள் யாருக்கும் தெரியாது.

சோதனை பார்க்க எளிது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம். சிட்ரேட் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். கால்சியம் கைக்குக் கிடைக்காமல் ரத்தம் உறையாது. (இந்தக் கணக்கு தெரியாமல் ட்யூபைப் பாதி நிரப்பி அனுப்பிவிட்டு, "ரிசல்ட் ஏன் தப்பா வருது?" என்று வார்டிலிருந்து கேட்பார்கள். முப்பத்தைந்து வருஷமும் கேட்டார்கள்.) சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பு அடியில் இறங்கி, மேலே வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதை 37 டிகிரி வாட்டர் பாத்தில் சூடாக்கி, முயல் மூளையிலிருந்து தயாரித்த த்ராம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் விட்ட அதே கணம் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். பிறகு விளக்கு வெளிச்சத்தில் ட்யூபைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். ஒன்பது, பத்து, பதினொன்று வரை வெறும் தண்ணீர். சட்டென்று ஒரு நூல் தெரியும். அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். ஒரு நொடி முன்னால் பாகு, அடுத்த நொடி கம்பிப் பதம். "பதம் பார்க்கத் தெரிஞ்ச பொம்பளைங்களுக்கு இந்த வேலை சொல்லித் தர வேண்டியதில்லை" என்பார் சார். அவருக்குப் பதம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் அவர் கையில் நேரம் அரை நொடி பிசகாது.

அந்த 12 நொடிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிய வருஷங்கள் பிடித்தன. நொதி என்றால் நமக்கு வயிறுதான் ஞாபகம் வரும். தின்ற பருப்பை வெட்டிச் செரிக்க வைக்கிற ட்ரிப்சின் போன்றவை. ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் அந்த ட்ரிப்சினுக்குப் பங்காளி. ஒரே வம்சம், வெட்டும் முறையும் ஒன்றுதான். ஆனால் ட்ரிப்சின் பல புரதங்களையும் வெட்டும். த்ராம்பின் ஆள் பார்த்து, இடம் பார்த்து வெட்டும். ரத்தத்தில் கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தின் முனைகளில் சின்னத் துணுக்குகளை மட்டும் நறுக்கிவிடும். அவ்வளவுதான். மூடியைக் கழற்றியது போல மீதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நூலாகிவிடும். அதுதான் நான் பார்த்த கம்பிப் பதம். பிறகு பதின்மூன்றாம் எண் காரணி (உறைதலுக்கு வேண்டியவற்றைக் காரணி என்று எண் போட்டுத்தான் கூப்பிடுவோம்) வந்து நூலுக்கு நூல் தையல் போடும்.

இப்படி ஒரு கத்தி ரத்தத்தில் எந்நேரமும் திறந்தபடி சுற்றினால் நாம் ஒரு நாள் தாங்க மாட்டோம். அதனால் த்ராம்பின் புரோத்ராம்பினாக உறைக்குள் கிடக்கிறது. உறையை உருவுவது பத்தாம் எண் காரணி. அதுவும் உறைக்குள்தான். அதை உருவுவது ஒன்பது. இப்படியே ஒன்றை ஒன்று எழுப்புகிற வரிசை. ஐந்தும் எட்டும் வெட்டுகிறவை அல்ல, வெட்டுகிறவனுக்குப் பக்கத்தில் நின்று கை கொடுப்பவை. கை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் வேலை நகராது. ஆறாம் எண் கிடையாது. ஒரு காலத்தில் கொடுத்தார்கள். பிறகு அது தூண்டப்பட்ட ஐந்துதான் என்று தெரிந்து அடித்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் பேர் அடித்த இடம் போல அந்த எண் இன்னும் காலியாகவே இருக்கிறது.

1964-ல்தான் இந்த வரிசையைத் தெளிவாக எழுதினார்கள். ஆக்ஸ்ஃபர்டில் மாக்ஃபார்லேன் ஒரு பக்கம். அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் இன்னொரு பக்கம். அவர்கள் இருவரும் இதை அருவி என்றார்கள். சார் எங்கள் ஊருக்கு ஏற்றபடி மேட்டூர், கல்லணை, வாய்க்கால், மதகு என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்த உவமையில் அப்போதே குறை தெரிந்தது. ஆறு பிரியப் பிரியத் தண்ணீர் குறையும். கடைமடைக்காரனைக் கேட்டால் சொல்வான். இதுவோ போகப் போகப் பெருகுகிறது. மேலே ஒரு நொதி கீழே ஆயிரக்கணக்கானதை எழுப்பும். மாக்ஃபார்லேன் வலியுறுத்தியதும் அதைத்தான். கடைமடையில்தான் வெள்ளம்.

கண்ணாடிக்கு வருகிறேன். உடம்புக்குள் இந்த வரிசையைத் தொடங்கி வைப்பது காயம்பட்ட திசு. ட்யூபுக்குள் தொடங்கி வைப்பது கண்ணாடியின் மேற்பரப்பு. ரத்தம் கண்ணாடியைத் தொட்டதும் பன்னிரண்டாம் எண் காரணி விழித்துக்கொள்கிறது. அதற்கு ஹேக்மேன் காரணி என்று பேர். ஜான் ஹேக்மேன் அமெரிக்க ரயில்வேயில் பிரேக்மேன். 1950-களில் ஓர் அறுவைக்கு முன்னால் அவர் ரத்தத்தைச் சோதித்தார்கள். கண்ணாடி ட்யூபில் உறையவே இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு வாழ்நாளில் ரத்தப்போக்குத் தொல்லை என்று எதுவும் கிடையாது. கண்ணாடிக்குத் தேவைப்படுகிற காரணி அவர் காயங்களுக்குத் தேவைப்படவில்லை. 1968-ல் அவர் இறந்தார். ரத்தம் உறையாமல் அல்ல. எலும்பு முறிந்து படுத்திருந்தபோது காலில் கட்டிய ரத்தம் நுரையீரலில் போய் அடைத்து. இதைப் படித்த அன்று சிரித்தேனா வருத்தப்பட்டேனா என்று நினைவில்லை. இருபது வருஷம் கழித்து அந்த ஆளை நினைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பேன் என்று மட்டும் அப்போது தெரியாது.

1998 ஐப்பசி. விடாத மழை. வரப்பில் நடந்து வந்த ஒரு பையனைக் காலில் ஏதோ கடித்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கி வந்தார்கள். பாம்பைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் நைட் டியூட்டி. ரத்தம் எடுத்து ட்யூபில் விட்டு, 20 நிமிடம் கழித்துச் சாய்த்தேன். வழிந்தது. டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கினார். அந்த மருந்து குதிரைச் சீரத்திலிருந்து வருவது; சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பத்து நிமிடத்தில் பையனுக்கு உடம்பெல்லாம் தடித்து, கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். மருந்தை நிறுத்தி, அட்ரினலின் போட்டு, அவன் மூச்சு சீராவதற்குள் எங்கள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது.

அப்போதுதான் அவன் சித்தப்பா யூரியா சாக்கோடு வந்தார். அடித்துக் கொண்டுவந்திருந்தார். தரையில் கொட்டினார். தண்ணிப்பாம்பு. விஷமே கிடையாது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். சத்தம் போடவில்லை. "அதே கூடையிலேர்ந்து ஒரு ட்யூப் எடுங்க மேடம். உங்க ரத்தத்தை அதுல விடுங்க" என்றார். நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கூரையில் மழை. 20 நிமிடம் ஆனதும் நானே சாய்த்தேன். என் ரத்தம் ட்யூபின் வாய் வரைக்கும் ஓடி வந்தது.

என்னைப் பாம்பு கடிக்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஒரு வாரம் முன்னால் ட்யூபுகளில் கறை போகவில்லை என்று அட்டெண்டரிடம் சோப்புத்தூள் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். சோப்பு கண்ணாடியின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டாம் காரணிக்கு அது கண்ணாடியாகவே தெரியவில்லை. பிளாஸ்டிக் ட்யூபில் விட்டாலும் இதே கதைதான். வெறும் பாத்திரம் என்று நான் நினைத்திருந்தது சோதனையில் பாதி. அந்த ராத்திரி கன்ட்ரோல் வைத்திருந்தால் முதல் 20 நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். பத்து வருஷமாக நார்மலாக இருந்தவளுக்குத் தன் ரத்தத்தைப் பக்கத்தில் வைக்கத் தோன்றவில்லை. பையன் பிழைத்தான், மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான். மறுநாளே புதுக் கண்ணாடி ட்யூபுகளாகப் பொறுக்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் 'பாம்பு' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம்.

அந்த டின் வேலை செய்த நாட்கள் நிறைய. ஒன்றைச் சொல்ல வேண்டும். குறுவை அறுப்பு. கட்டுத் தூக்குகிற ஐம்பது வயசு அம்மா ஒருவர். கதிர்க்கட்டுக்கு அடியில் கையை விட்டபோது கடித்திருக்கிறது. "குக்கர் விசில் மாதிரி சீறுச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், கண்ணாடி விரியன். ஆனால் அந்த அம்மா தெம்பாகத்தான் பேசினார். வாயெல்லாம் சிவந்திருந்தது. வெற்றிலைதான் என்று நினைத்துக்கொண்டு, "துப்பிட்டு வாங்க, ரத்தம் எடுக்கணும்" என்றேன்.

"நான் இன்னைக்கு வெத்தலையே போடலை தாயி" என்றார்.

ஈறிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. ட்யூபில் வழியத்தான் செய்தது. பக்கத்து ட்யூபில் என் ரத்தம் கட்டியாக நின்றது.

ரத்தத்தை உறையாமல் செய்கிற விஷம் என்று ஊரில் சொல்வார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது நேர் எதிர். கண்ணாடி விரியன் விஷத்தில் இரண்டு கத்திகள் இருக்கின்றன. ஒன்று பத்தாம் எண் காரணியின் உறையை உருவுகிறது, இன்னொன்று ஐந்தாம் எண்ணைத் தூண்டிவிடுகிறது. காயமும் இல்லை, கட்டளையும் இல்லை; நேராக வரிசையின் நடுவில் புகுந்து த்ராம்பினை அவிழ்த்துவிடுகிறது. ரத்தம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நூலாக உறைந்து உறைந்து, உடனுக்குடன் கரைந்து, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபைப்ரினோஜன் சுத்தமாகக் காலி. என் கைக்கு வந்தது உறையத் தெரியாத ரத்தம் அல்ல, உறைந்து தீர்த்த ரத்தம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி மாதிரிதான் நான் ட்யூபோடு போய் நின்றேன்.

மருந்து விஷத்தைத்தான் முறிக்கும், தீர்ந்துபோன சரக்கைத் திருப்பிக் கொடுக்காது. அதைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு ஆறு மணி நேரமாவது பிடிக்கும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு ட்யூப் என்று கணக்கு. மாலை ஆறு மணி ட்யூப் வழிந்தது. நடுராத்திரி ட்யூப் சாய்க்கும்போது ஒரு கட்டி போல் நின்று, பிறகு குழைந்து சரிந்தது. இரண்டாம் முறை மருந்து ஏறியது. விடியற்காலை ட்யூபை நான் தலைகீழாகவே கவிழ்த்தேன். அசையவில்லை. டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாவின் மகளிடம் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லதா அக்கா?" என்றாள். விரியன் சிறுநீரகத்தையும் விடாது என்பதால் அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் வேறு யாரையோ பார்க்க வந்தபோது லேப் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். வாய் சிவந்திருந்தது. இந்த முறை வெற்றிலை.

மாக்ஃபார்லேன் என்றேன் இல்லையா, அவர் இந்த வரிசையை எழுதுவதற்கு முப்பது வருஷம் முன்னால், 1934-ல், லண்டன் மிருகக்காட்சிசாலையில் பாம்புகளைப் பார்த்துக்கொண்ட பார்னெட் என்பவரோடு சேர்ந்து பல பாம்புகளின் விஷத்தை ஹீமோஃபிலியாக்காரர்களின் ரத்தத்தில் விட்டுப் பார்த்தார். நம் கண்ணாடி விரியன் விஷம்தான் ஜெயித்தது. வெகுவாக நீர்க்கச் செய்து பல் பிடுங்கிய குழியில் வைத்தால் ரத்தம் நின்றது. அதைக் கடைச்சரக்காகவே விற்றார்கள். இன்றும் பெரிய லேபுகளில், ரத்தம் தேவையில்லாமல் உறைகிற ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு இதே விஷத்தை நீர்க்கச் செய்து சொட்டுகிறார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்து, பிடித்த பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து செய்யும் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் அங்கிருந்துதான் விஷம் போகிறது. குழந்தைகளோடு போய்ப் பார்த்தேன். பானையிலிருந்து விரியனை எடுத்து, கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைத்தார்கள். மஞ்சளாக இரண்டு சொட்டு வடிந்தது. என் பையன் "இவ்வளவுதானா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சொட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை ட்யூபுகள் எனக்குத் தெரிந்தன.

ஹீமோஃபிலியா என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறான். ஏழு வயசு. பால் பல் விழுந்து நாலு நாளாக ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள், காப்பித்தூள், சர்க்கரை எல்லாம் வைத்து அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. பாட்டி அவனை மடியில் வைத்துக்கொண்டு, "அச்சு அசல் மாமனைக் கொண்டிருக்கான்" என்றார். சாடையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அவனும் இப்படித்தான். பன்னெண்டு வயசுல கிணத்து மேட்டுல விழுந்தான். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டிப் போயிட்டான்" என்றார், வேறு யார் வீட்டுக் கதையோ போல.

அந்தப் பாட்டி சொன்னது பாடப்புத்தகத்தில் நாலு பக்கம். எட்டாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் உள்ள குறிப்பு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் நோய் அம்மா வழியாக வந்து மகனில் தெரிகிறது. மாமனிடமிருந்து மருமகனுக்குத் தாவியது போல் இருக்கும். சீர் கொண்டுவருகிற முறை.

அவனுக்குச் செய்தது இன்னொரு வகைச் சோதனை. அதில் என் நேரம் முப்பதைச் சுற்றி வரும். அவனுக்குத் தொண்ணூறைத் தாண்டியும் நூல் வரவில்லை. பிறகு அவன் பிளாஸ்மாவில் பாதி, என் பிளாஸ்மாவில் பாதி கலந்து வைத்தேன். சட்டென்று பதம் வந்தது. ஏதோ ஒரு காரணி அவனிடம் இல்லை, என்னிடமிருந்து இரவல் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். கலந்தும் சரியாகாவிட்டால், உறைவதைத் தடுக்கிற ஏதோ ஒன்று அவன் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எது இல்லை என்று பார்க்கிற வசதி எங்களிடம் இல்லை. வேலூருக்கு அனுப்பினோம், எட்டு என்று வந்தது. ஒன்பது இல்லாதவர்களும் உண்டு. 1952-ல் இங்கிலாந்தில் ஸ்டீஃபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனிடம் முதலில் கண்டு, அந்தக் கட்டுரையை டிசம்பர் 27, கிறிஸ்துமஸ் வார இதழில் வெளியிட்டார்கள். பேர்ப் பொருத்தத்தை யாரோ ரசித்திருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு அப்போது கிரையோ என்று உறைய வைத்த பிளாஸ்மாவின் வண்டலைத்தான் ஏற்றினார்கள். இப்போது காரணி ஊசியே அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அவன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். கொஞ்சம் கால் தாங்கி நடப்பான்.

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கூட்டம் செவ்வாய்க்கிழமை வரும். இதய வால்வு மாற்றியவர்கள். திருவனந்தபுரத்தில் உருவாக்கிய சித்ரா வால்வு வைத்த பெண்கள் நிறைய. உலோக வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று ஆயுசுக்கும் மாத்திரை. ராத்திரி அடங்கினதும் நெஞ்சுக்குள் கடிகாரம் மாதிரி டிக் டிக் கேட்கும் என்பார்கள். புருஷன் தூங்க முடியாமல் திண்ணைக்குப் போய்விடுவதாக ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய நாலு காரணிகளுக்கும் கல்லீரலில் விட்டமின் கே ஒரு கொக்கி மாட்டிவிடும். கால்சியத்தைப் பிடிக்கிற கொக்கி. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் அந்தக் கொக்கியை மாட்ட விடாது. நொதி இருக்கும், பிடிமானம் இருக்காது. வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1950-களில்தான் மனிதருக்குக் கொடுத்தார்கள். கெட்டுப்போன தீவனம் தின்று ரத்தம் வடிந்து செத்த அமெரிக்க மாடுகளிலிருந்து தொடங்கிய கதை அது. கீரையில் விட்டமின் கே அதிகம் என்பதால், "கீரையே தொடாதீங்க" என்று நான் பல வருஷம் சொல்லி வந்தேன். தப்பு. எப்போதும் போல ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மாத்திரையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். என் பேச்சைக் கேட்டு முருங்கைக்கீரையை விட்ட பெண்கள் எத்தனை பேரோ.

2009-ல் பஸ் ஸ்டாண்டு சேற்றில் வழுக்கி என் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. ஐந்தாவது வாரம் கெண்டைக்காலில் ஒரு வலி. கட்டு இறுகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். கட்டுக்குள் கால் ஊதியது போலத் தோன்றிய அந்த ராத்திரிதான் ஹேக்மேன் வந்தார். எலும்பு முறிந்து படுத்த ரயில்வேக்காரர். விடியும்வரை அவரும் நானும்தான். காலை அசைக்கவும் பயம், அசைக்காமல் இருக்கவும் பயம். மறுநாள் கட்டை அறுத்து டாப்ளர் பார்த்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் நரம்பில் ரத்தம் கட்டியிருந்தது.

ஓட்டம் நின்ற இடத்தில் ரத்தம் கட்டும் என்பது ஒன்றரை நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி. ஓடுகிற ரத்தத்தில் விழித்துக்கொண்ட நொதிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஆன்டித்ராம்பின் என்கிற புரதம் கையோடு பிடித்து அமுக்கும். த்ராம்பினே கூட, நல்ல நிலையில் உள்ள நரம்புச் சுவரில் போய் ஒட்டினால், தன்னை நிறுத்துகிற பிரேக்கை எழுப்பிவிடும். எனக்கு இதில் எப்போதும் வியப்பு உண்டு. சண்டையைத் தொடங்கியவனே பஞ்சாயத்தையும் கூட்டுகிறான். வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். அது கட்டியைக் கரைக்காது. ஆன்டித்ராம்பினுக்கு வேகம் கொடுத்து, கட்டி மேலும் வளராமல் பார்த்துக்கொள்ளும். கரைக்கிற வேலை பிளாஸ்மின் என்ற இன்னொரு கத்தியுடையது. அது நம்மிடமே இருக்கிறது. மெதுவாக, தன் போக்கில் நூலை அறுக்கும்.

ஊசிக்குப் பிறகு வார்ஃபரின். வேலைக்குத் திரும்பிய அன்று என் ரத்தத்தை நானே பார்த்தேன். புதிதாக வந்த பெண் பக்கத்தில் நின்றாள். பன்னிரண்டு தாண்டியது. கை தன்னால் நிறுத்தப் போனது, பழக்கம். பதினெட்டு, இருபது. வெந்தயத் தண்ணீர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 27-ல் நூல் வந்தது. டாக்டர் எதிர்பார்த்த கணக்குத்தான். சந்தோஷப்பட வேண்டிய எண். ரெஜிஸ்டரில் 'நோயாளி' என்ற பத்தியில் என் பேரை எழுதும்போது கையெழுத்து கோணிப்போனது. 'கன்ட்ரோல்' பத்தியில் அந்தப் பெண்ணின் நேரத்தை எழுதினேன். 13 நொடி. "என்னோடது ஒரு நொடி அதிகமா இருக்கே அக்கா, பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன்.

மாத்திரையை டாக்டர் சில மாதத்தில் நிறுத்திவிட்டார். அதற்குள் மெஷின் வந்துவிட்டது. ட்யூபைச் சாய்க்க வேண்டியதில்லை. நூலை மெஷினே பார்த்து எண்ணை அச்சடித்துத் துப்பும். குறை சொல்ல ஒன்றுமில்லை, என் கண்ணை விட அது நம்பகம். 2020-லும் 2021-லும் கொரோனாவில் அந்த மெஷின் ஓயவே இல்லை. நுரையீரலின் மெல்லிய குழாய்களில் ரத்தம் கட்டிய காலம். பிளாஸ்மின் நூலை அறுத்ததும் மிஞ்சுகிற துணுக்குக்கு டி-டைமர் என்று பேர். லேபுக்கு வெளியே யாரும் கேள்விப்படாத சொல். அந்த இரண்டு வருஷம் பால்காரர் கூட, "டி-டைமர் 800-ங்கிறாங்களே, பயமில்லையே?" என்று வாசலில் நின்று கேட்டார்.

ஓய்வு பெற்ற அடுத்த மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போன் வந்தது. அந்த 13 நொடிப் பெண்தான். கரண்ட் போய் வந்ததில் மெஷின் எழுந்திருக்கவில்லை. பாம்புக்கடி ஒன்று வந்திருக்கிறது. இங்கே இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் ட்யூப்.

"அலமாரியில கீழ்த் தட்டு. பிஸ்கட் டின்."

உருட்டுகிற சத்தம் கேட்டது. "ஆமாக்கா. 'பாம்பு'ன்னு எழுதியிருக்கு."

"ரெண்டு எடு. ஒண்ணுல பேஷன்ட். இன்னொண்ணுல உன் ரத்தத்தை விடு."

"நான் ஏழு மாசம் அக்கா."

வேண்டாம் என்றேன். பிரசவத்துக்காக உடம்பு முன்கூட்டியே ஃபைப்ரினோஜனைச் சேர்த்து வைத்திருக்கும். கர்ப்பிணி ரத்தம் கன்ட்ரோலுக்கு ஆகாது. "வாட்ச்மேன் என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

கேட்டுவிட்டு வந்தாள். ஒன்றுமில்லையாம்.

"அப்ப அவர் கையை நீட்டச் சொல்லு."

20 நிமிடம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மேசையில் இடிக்காதே என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவள் மாமியார் பற்றிப் பேசினாள். வாட்ச்மேன் பஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும், இருமுகிற சத்தம் கேட்டது.

"டைம் ஆச்சு அக்கா. சாய்க்கிறேன்."

"முதல்ல அவரோடது."

"கெட்டியா நிக்குது."

"இப்ப பேஷன்டோடது."

கொஞ்சம் மௌனம். "ஓடுதுக்கா."

"டாக்டரை எழுப்பு" என்றேன்.